படத்துக்கு வைத்த பொட்டு

தையல்நாயகி கவலைப்படுவதற்கென்றே பிறந்தவள். அடுப்பை அணைத்தோமா என்று பஸ் நிறுத்தத்திலிருந்து திரும்பி வந்து பார்ப்பாள். அணைத்துத்தான் இருக்கும். மறுபடி தெருமுனை வரைக்கும் போனதும் கதவைப் பூட்டினோமா என்று ஆரம்பிக்கும். குழந்தை தும்மினால் நிமோனியா. ஊரிலிருந்து கடிதம் வராவிட்டால் அங்கே யாருக்கோ என்னவோ. வந்துவிட்டால் அதைப் பிரிக்கப் பயம். "நீ கணக்கு டீச்சரா, ஜோசியக்காரியா?" என்று நான் கேட்பேன்.

"கணக்குப் படிச்சபடியாத்தான் அக்கா பயம். ஒரு விசயம் எத்தினை விதமாக் குழம்பலாமெண்டு எனக்குத் தெரியுமெல்லே," என்பாள்.

யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புகளுக்குக் கணிதம் எடுத்தவள். டொரொண்டோவுக்கு வந்ததும், இங்கே படிப்பிக்க வேண்டுமானால் இன்னும் படிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். படிக்கலாம் என்று நினைப்பதற்குள் சுகிர்தா பிறந்துவிட்டாள். பிறகு கடித உறை செய்யும் தொழிற்சாலை ஒன்றில் உறைகளின் வாய்க்குப் பசை தடவும் வேலைக்குப் போனாள். பட்டதாரிப் பெண் பசை தடவுகிறாளே என்று நான்தான் பொருமினேன். அவள் பொருமவில்லை. அவளுக்கு அதைவிடப் பெரிய கவலை வீடு.

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்களைப் போன்ற முகங்களுக்கு வாடகை வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. அவள் கணவர் ஏகாம்பரம் போனில் அழகாக இங்கிலீஷ் பேசுவார். அந்தக் குரலைக் கேட்டு வரச்சொல்லுவார்கள். கதவைத் திறந்து இவர்கள் முகத்தைப் பார்த்ததும், "ஐயோ, இப்போதுதான் ஒருவர் எடுத்துக்கொண்டார்" என்பார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பனியில் நின்று, இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு நாயகி அழைப்பு மணியை ஏகாம்பரத்தையே அழுத்தச் சொல்லத் தொடங்கினாள். கடைசியில் பிராட்வியூ பக்கம் ஒரு பழைய செங்கல் வீட்டில் மிஸஸ் விட்டேக்கர் என்ற கிழவி, கதவைத் திறந்து, இவர்கள் முகத்துக்கு வெகு அருகே தன் முகத்தைக் கொண்டுவந்து உற்றுப் பார்த்துவிட்டு, "குழந்தைக்குக் குளிரும், முதலில் உள்ளே வாருங்கள்" என்றாள். அன்றைக்கே மாடியை இவர்களுக்குக் கொடுத்துவிட்டாள்.

கிழவிக்கு இரண்டு கண்ணிலும் புரை. இதை வைத்து எங்கள் சுப்பிரமணியன் ஸார் ஒரு ஜோக் அடித்தார். அவர் பாங்கில் வேலை. எங்கள் இருபது தமிழர்களுக்கும் சுலோகம் சொல்ல, தாலி எடுத்துக்கொடுக்க, துக்கம் விசாரிக்க எல்லாவற்றுக்கும் அவர்தான். "கிழவிக்குக் கண்ணு தெரியாது, அதான் வீடு கொடுத்தா. தெரிஞ்சிருந்தா உங்க கலரைப் பார்த்துட்டுக் கதவைச் சாத்தியிருப்பா!" என்றார். எல்லோரும் சிரித்தோம். நாயகி சிரிக்கவில்லை. அந்த வார்த்தை அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது என்று எனக்கு அப்போது தெரியாது.

கீழ்த்தளத்தில் முன்னறை. அங்கே கணப்புக்கு மேலே ஒரு பெரிய படம் தொங்கியது. ஐரோப்பாவில் முந்நூறு வருஷத்துக்கு முன்னே பரோக் காலம் என்பார்களே, அந்தப் பாணி. அசலா, பின்னால் யாரோ அதைப் பார்த்து வரைந்ததா என்று மிஸஸ் விட்டேக்கருக்கே தெரியாது. அவளுடைய அம்மா இங்கிலாந்திலிருந்து கப்பலில் கொண்டுவந்தது. நல்ல உடல்வாகுள்ள ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் விரித்த பெரிய புத்தகம், ஒரு கையில் வட்டம் போடும் கவராயம், காலடியில் வீணைக்குத் தம்பி மாதிரி ஒரு நரம்பு வாத்தியம். முழங்காலில் சாய்ந்து ஒரு குழந்தை நிற்கிறது. அதன் விரலை அவள் பிடித்து எழுத்தின் மேல் வைத்திருக்கிறாள். வெளிச்சமெல்லாம் அவள் நெற்றியிலும் குழந்தை கன்னத்திலும்தான். அந்த வெளிச்சமும் மங்கல்தான். மற்றதெல்லாம் டிக்காஷனில் முக்கி எடுத்தது போல ஒரே பழுப்பு.

யார் இந்தப் பெண் என்று நாயகி ஒருநாள் கேட்டிருக்கிறாள். "இவள் யாருமில்லை. இவள் பெயர் கல்வி," என்றாளாம் கிழவி. அந்தக் காலத்தில் உண்மை, நீதி, கல்வி என்று குணங்களையெல்லாம் பெண்ணாக்கி வரைவார்களாம். நாயகி அன்று சாயங்காலமே எனக்குப் போன் செய்தாள். குரலில் அபூர்வமாக ஒரு சந்தோஷம்.

"அக்கா, இவையளிட்டையும் ஒரு சரஸ்வதி இருக்கிறா. புத்தகம் இருக்கு, வீணை இருக்கு. சப்பாத்துப் போட்டிருக்கிறா, அதுதான் வித்தியாசம்."

அந்த வருஷம் செப்டம்பர் கடைசியில் மிஸஸ் விட்டேக்கர் கண் ஆபரேஷனுக்குப் போனாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஓஷவாவில் இருக்கும் தங்கை மகள் வீட்டுக்குப் போய், கண்ணாடி தயாரானதும் திரும்பி வருவதாக ஏற்பாடு. புறப்படும்போது வீட்டுச் சாவி முழுவதையும் நாயகி கையில் வைத்தாள். முன்னறையைத் தாராளமாகப் புழங்கு, வீட்டை ஆறவிடாதே என்றாள். பிறகு படத்தின் பக்கம் திரும்பி நின்றாள். அவளுக்கு அது ஒரு பழுப்பு மூட்டமாகத்தான் தெரிந்திருக்கும்.

"கண்ணாடி போட்டதும் முதலில் இந்த முகத்தைத்தான் பார்க்கப் போகிறேன். இதைச் சரியாகப் பார்த்துப் பல வருஷமாகிறது," என்றாள்.

அன்றிலிருந்து நாயகி அந்த அறைக்குக் காவல்காரி ஆகிவிட்டாள். சுகிர்தாவை உள்ளே விடுவதில்லை. தூசி தட்டப் போனாலும் படத்தின் பக்கம் போவதில்லை. ஒருமுறை ஆணி ஆடுகிறதோ என்று சந்தேகம் வந்து, ஏகாம்பரத்தைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பிக் கூட்டிப்போய்க் காட்டினாள். ஆணி ஆடவில்லை.

அப்படிப்பட்டவள் கையால்தான் அது நடந்தது.

விஜயதசமி வந்தது. சுகிர்தாவுக்கு மூன்று வயது முடிந்திருந்தது. ஏடு தொடக்கி முதல் எழுத்து எழுதவைக்க வேண்டும். டொரொண்டோவில் அப்போது நமக்கென்று கோயிலா, ஐயரா? சுப்பிரமணியன் ஸார்தான். மாடியில் இருபது பேர் உட்கார இடமில்லை. கீழே வைத்துக்கொள்ளலாம், கிழவியே சொல்லிவிட்டுத்தானே போனாள் என்றார் ஏகாம்பரம். நாயகி இரண்டு நாள் மறுத்துப் பார்த்தாள். போதாக்குறைக்கு, அவர்களிடம் இருந்த ஒரே சரஸ்வதி காலண்டர் படத்தைச் சுகிர்தா நாலாகக் கிழித்துப் பொம்மைக்குப் போர்வை ஆக்கியிருந்தாள். எந்த வித்தைக்கு இந்தப் பிள்ளை பிறந்திருக்கிறதோ என்று நான் சிரித்தேன்.

சுப்பிரமணியன் ஸார் முன்னறைக்குள் நுழைந்து நிமிர்ந்து பார்த்தவர், "அட, இதோ இருக்காளே! இவளை விட்டுட்டு வேற படத்துக்கு எங்கே போறது?" என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார்.

நாயகி நிபந்தனை போட்டாள். கற்பூரம் கூடாது. சாம்பிராணி கூடாது. விளக்கு ஜன்னலோரம் தள்ளி இருக்க வேண்டும். மாலையைப் படத்தில் சாத்தக் கூடாது, முன்னால் ஒரு நாற்காலியில் வைக்கலாம். யாரும் கிட்டப் போகக்கூடாது. இதையெல்லாம் வாசலிலேயே நின்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். நெருப்பையும் எண்ணெயையும் மற்றவர்களையும் நினைத்துப் பயந்தவள், தன் விரலை நினைத்துப் பயப்படவில்லை.

படத்துக்குக் கீழே ஸ்டூலில் புத்தகங்களை அடுக்கியிருந்தோம். ஏகாம்பரத்தின் ஆபீஸ் கணக்குப் புத்தகங்கள், என் கணவர் சுந்தரராஜனின் கெமிஸ்ட்ரி நோட்டுகள், என் தையல் மிஷின், குழந்தையின் சிலேட்டு. நாயகி சந்தனக் கிண்ணத்தையும் குங்குமச் சிமிழையும் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள். புத்தகத்துக்கு, மிஷினுக்கு, சிலேட்டுக்கு, பிள்ளை நெற்றிக்கு. அடுத்து நிமிர்ந்தாள், நுனிக்காலில் எம்பினாள், படத்துப் பெண்ணின் நெற்றியில் சந்தனத்தை வைத்து அதன் மேல் குங்குமத்தை வைத்தாள். கைகூப்பினாள். தேவாரம் பாட ஆரம்பித்தாள்.

இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவரும் தடுக்கவில்லை. ஏனென்றால் எங்கள் எல்லோர் கண்ணுக்கும் அது சரியாகவே பட்டது. பொட்டு வைத்த பிறகு அவள் முகத்துக்கு ஒரு களையே வந்துவிட்டது என்றுகூட நான் நினைத்தேன். சுப்பிரமணியன் ஸார் குழந்தையை மடியில் வைத்து, அரிசித் தட்டில் விரலைப் பிடித்து 'அ' எழுதவைத்தார். பாயசம் வந்தது. எல்லாம் முடிந்து தட்டை எடுக்க வந்த நாயகி தற்செயலாக நிமிர்ந்தாள்.

தட்டு கைநழுவி அரிசி கம்பளமெல்லாம் சிதறியது.

"அக்கா, நான் என்ன செய்து போட்டன்? கை தன்பாட்டில போட்டுது. ஐயோ, நான் என்ன செய்து போட்டன்?"

அப்புறம் ஆரம்பித்தது ஆலோசனை. ரொட்டித் துண்டால் ஒற்றி எடு என்றார் ஒருவர். உருளைக்கிழங்கை வெட்டித் தேய் என்றார் இன்னொருவர். அழிரப்பர் போதும் என்றார் சுப்பிரமணியன் ஸார், பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே. என் கணவர் கெமிஸ்ட்ரி ஆராய்ச்சிக்காரர். கிட்டப்போய் மூக்கை நீட்டிப் பார்த்தார். குங்குமம் என்பது மஞ்சளும் சுண்ணாம்பும். எலுமிச்சைச்சாறு பட்டால் சிவப்பு போய்விடும் என்றார். அப்பாடா என்று எல்லோரும் மூச்சுவிட்டபோது, "ஆனா மஞ்சளாயிடும்," என்று முடித்தார். இந்த மனிதரோடுதான் நான் குடும்பம் நடத்துகிறேன்.

"எல்லாரும் சும்மா இருங்கோ. ஈரத் துணியாலை மெல்லத் துடைச்சால் போச்சு," என்றார் ஏகாம்பரம்.

"தொடாதேங்கோ!" என்று நாயகி கத்தினாள். அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. "பொட்டை அழிக்கிற கதை கதையாதேங்கோ. உங்கடை வாயாலை அந்தக் கதை வேண்டாம்."

எல்லோரும் போன பிறகு சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னாள். அவளுக்கு ஒன்பது வயதில் அப்பா போய்விட்டார். எட்டாம் நாளோ என்னவோ, சொந்தக்காரப் பெண்கள் அம்மாவை நடுவில் உட்காரவைத்தார்கள். பிள்ளை, ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவா என்று இவளை ஏவினார்கள். எதற்கு என்று தெரியாமல் ஓடிப்போய் நிறைய மொண்டு கொண்டுவந்திருக்கிறாள். அந்தத் தண்ணீரில் துணியை நனைத்து அம்மா நெற்றியைத் துடைத்தார்கள்.

"நான் கொண்டு வந்த தண்ணி, அக்கா," என்றாள். "தெரிஞ்சிருந்தால் கிண்ணத்தைக் கிணத்துக்குள்ளை போட்டிருப்பன். நான் பி.எஸ்ஸி. படிச்சனான். படத்தில இருக்கிற வெள்ளைக்காரிக்கும் இவருக்கும் ஒரு சம்பந்தமுமில்லையெண்டு எனக்குத் தெரியும். ஆனால் தெரியிறது வேறை, பயம் வேறை. இவர் ஒவ்வொரு நாளும் வேலைக்கு நெடுஞ்சாலையிலை பிறம்ரன் வரைக்கும் கார் ஓடுறவர்."

 நான் துடைக்கிறேன் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. எனக்கும் ஒரு புருஷன் இருக்கிறார், எலுமிச்சை பேசினாலும்.

பொட்டு அங்கேயே இருந்தது. சந்தனம் காய்ந்து இறுகியது. அக்டோபர் போய் நவம்பர் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஓஷவாவிலிருந்து மிஸஸ் விட்டேக்கர் போன் செய்வாள். கட்டுப் பிரித்தாகிவிட்டது, மங்கலாகத் தெரிகிறது, கண்ணாடிக்கு அளவெடுத்திருக்கிறார்கள் என்பாள். "என் படம் சௌக்கியமா?" என்று கடைசியில் கேட்பாள். நாயகி, "ஓம், ஓம்" என்று யாழ்ப்பாணத் தமிழிலேயே ஆமாம் போட்டுவிட்டுப் போனை வைப்பாள். போனிலேயே சொல்லித் தொலை என்று நான் திட்டினேன். மனம் குழம்பினால் ஆபரேஷன் செய்த கண்ணுக்குக் கூடாதாம் என்றாள். அதுவும் உண்மைதான். சொன்னால் வீடு போய்விடும், குளிர்காலம் தொடங்கப் போகிறது என்பதும் உண்மைதான்.

அவளுக்குத் தூக்கம் போனது. தொழிற்சாலையில் ஒரு கட்டு உறைக்கு இருபக்கமும் பசை தடவிவிட்டாள். கதவு மணி அடித்தால் திடுக்கிடுவாள். சுப்பிரமணியன் ஸாரின் பழைய ஜோக் இப்போதுதான் முழுசாக வேலை செய்தது.

"அவவுக்குக் கண் தெரியாதபடியாத்தானே அக்கா வீடு தந்தவ? இப்ப கண் தெரியப்போகுது. முதல் படத்தைப் பார்ப்பா. பிறகு எங்களைப் பார்ப்பா. எதைப் பார்த்து முதல்ல வீட்டை விட்டு எழும்பச் சொல்லுவாவோ தெரியாது."

ஒருநாள் துணிந்துவிட்டாள். நவம்பர் நடுவில், முதல் பனி விழுந்த அன்று சாயங்காலம். பஞ்சை நனைத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறி நின்றிருக்கிறாள். இது வெறும் சாயம், இது வெறும் துணி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கையை உயர்த்தியபோது போன் அடித்தது. நெடுஞ்சாலையில் ஏகாம்பரத்தின் கார் வழுக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, ஓரத்துப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஒரு பெட்ரோல் பங்கிலிருந்து அவரே பேசினார். பனி விழுந்தால் ஊரில் பாதிக் கார் பள்ளத்தில்தான் கிடக்கும் என்று நான் எவ்வளவோ சொன்னேன். கேட்டால்தானே? பஞ்சைத் தூக்கிக் குப்பையில் போட்டவள் அதற்குப் பிறகு அந்த ஸ்டூலைத் தொடவில்லை.

நவம்பர் கடைசிச் சனிக்கிழமை மிஸஸ் விட்டேக்கர் வருவதாக முடிவானது. ஏகாம்பரமே காரில் போய் அழைத்துவரக் கிளம்பினார். "நீங்கள் பக்கத்தில நில்லுங்கோ அக்கா, நான் சொல்லிப் போடுவன்," என்று நாயகி என்னைக் கூப்பிட்டிருந்தாள். சொல்லவேண்டிய இங்கிலீஷ் வாக்கியங்களைத் தொழிற்சாலைக் கழிப்பறையில் நின்று ஒத்திகை பார்த்திருக்கிறாள். மிஸஸ் விட்டேக்கர், உங்கள் படத்துக்கு ஒன்று நேர்ந்துவிட்டது, அது என் குற்றம். என்னிடம் இரண்டு தடவை சொல்லிக் காட்டினாள். குழந்தையை மாடியில் தூங்கவைத்தாள். வீடு முழுக்க வெந்நீர்க் குழாய்கள் சூடாகத்தான் இருந்தன. இவள் கைகள் மட்டும் சில்லென்று கிடந்தன.

முதல்நாளெல்லாம் பனி கொட்டியிருந்தது. கார் வந்து நின்றது. ஏகாம்பரம் கிழவியைக் கைப்பிடித்துப் படியேற்றி உள்ளே விட்டுவிட்டு, "வழியிலை பனி, தபால்காரன் விழுந்தால் எங்களுக்குத்தான் பிரச்சினை" என்று சொல்லிப் பனி அள்ளும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஒருவேளை அதுவும் ஒரு தப்பித்தல்தான். ஆண்கள் நல்ல நேரம் பார்த்துப் பனி அள்ளப் போவார்கள்.

மிஸஸ் விட்டேக்கரின் கண்ணாடி போத்தலின் அடிப்பாகம் போலத் தடிமனாக இருந்தது. அதற்குப் பின்னால் கண்கள் இரண்டு மடங்காகத் தெரிந்தன. கோட்டைக்கூடக் கழற்றாமல் நாயகியின் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். நாயகி கண்ணை மூடிக்கொண்டாள். இதோ, எங்கள் நிறத்தைப் பார்க்கப்போகிறாள் என்று நானும் நினைத்தேன்.

"அடடா, நீ இவ்வளவு சின்னப் பெண்ணா!" என்றாள் கிழவி. "உன் நடையை வைத்து, உன் பெருமூச்சை வைத்து, என் வயசு இருக்கும் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்!"

நாயகிக்கு ஒத்திகை பார்த்த வாக்கியமெல்லாம் மறந்துபோயிற்று. அதற்குள் கிழவி முன்னறைக்குள் போய்விட்டாள். திரைச்சீலை நீலமா, அது பச்சையென்றல்லவா இருந்தேன் என்றாள். நாற்காலிக் கையில் பூ வேலைப்பாடு இருக்கிறது என்று தடவிப் பார்த்துச் சிரித்தாள். பிறகு அறை நடுவில் நின்று, ஒரு பலகாரத்தைக் கடைசிக்கு வைத்திருந்த குழந்தை மாதிரி, மெதுவாகப் படத்தை நோக்கித் திரும்பினாள்.

கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது.

"எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. இவள் மட்டும் ஏன் இன்னும் இருட்டாகவே இருக்கிறாள்? கண் சரியாகவில்லையா?" கிட்டப் போனாள். "அது என்ன, நெற்றியில் சிவப்பாக?"

"அது நான்தான், மிஸஸ் விட்டேக்கர்," என்றாள் நாயகி.

ஒத்திகை இல்லாத இங்கிலீஷில், முன்னும் பின்னுமாகச் சொன்னாள். எங்களுக்கும் கல்விக்கு ஒரு பெண் இருக்கிறாள். என் மகள் முதல் எழுத்து எழுதினாள். என் கை போய்விட்டது. கிழவி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"இது என் அம்மாவுடையது. ஆர்தரைக்கூட நான் இதைத் தொடவிட்டதில்லை. உன்னை நம்பிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனேன்," என்றாள். "வாராவாரம் கேட்டேன். சௌக்கியம் என்றாய்." ஆர்தர் அவள் கணவன். "இப்போதே துடை. என் கண் முன்னால் துடை."

நாயகி உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீரும், சுகிர்தாவின் பழைய மெல்லிய துணியும் கொண்டுவந்தாள். கிண்ணத்தை ஏந்திக்கொண்டு ஒன்பது வயதுப் பிள்ளை மாதிரி நடந்துவந்தாள். ஸ்டூலில் ஏறினாள். துணியை நனைத்துப் பிழிந்தாள். வெளியே ஏகாம்பரம் பனி அள்ளும் சத்தம், கர், கர் என்று ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. கை உயர்ந்தது. தண்ணீர் முழங்கை வழியாகச் சொட்டியது. கை இறங்கிவிட்டது.

"என்னால் முடியாது," என்றாள். "எங்கள் ஊரில் கணவன் செத்தால்தான் ஒரு பெண்ணின் நெற்றியிலிருந்து இதைத் துடைப்பார்கள். என் அம்மாவுக்குத் துடைக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவள் நான். எனக்கு ஒன்பது வயது. இன்னொரு தடவை என் கையால் முடியாது. வீட்டைக் காலி செய்யச் சொல்லுங்கள், இன்றைக்கே போகிறோம். இதை மட்டும் சொல்லாதீர்கள்."

ஒன்றரை மாதமாக எந்த வீட்டுக்காகத் தூக்கம் கெட்டுக் கிடந்தாளோ, அந்த வீட்டை ஒரே வாக்கியத்தில் தூக்கிப் போட்டுவிட்டாள்.  இவளையா கோழை என்று இத்தனை நாள் கேலி பேசினோம்?

மிஸஸ் விட்டேக்கர் அந்தப் பெரிய கண்களால் நாயகியின் நெற்றிப் பொட்டைப் பார்த்தாள். படத்தின் பொட்டைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"கொடு துணியை. ஆர்தர் போய் இருபது வருஷமாகிறது. என்னிடமிருந்து இனி எடுக்க ஒன்றுமில்லை."

டாக்டர் குனியவும் கூடாது, ஏறவும் கூடாது என்று சொல்லியிருந்தார். சொன்னால் கேட்கிற கிழவியா? நாயகியை இறங்கச் சொல்லிவிட்டுத் தானே ஸ்டூலில் ஏறினாள். ஆளுக்கொரு பக்கம் முழங்காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டோம். ஸ்டூல் ஆடியது. நாயகி படத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காதை வெளிச் சத்தத்தில் வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. கர், கர். கிழவி துணியை அந்த நெற்றியில் வைத்து அழுத்தி ஒரு சுற்றுச் சுற்றினாள்.

வெளியே பனி அள்ளும் சத்தம் நின்றது.

நாயகி பிடியை விட்டுவிட்டு ஓடினாள். ஆபரேஷன் செய்த கண்ணோடு ஸ்டூலில் நிற்கும் கிழவியை விட்டுவிட்டு, செருப்பில்லாமல், கதவைத் திறந்துபோட்டுவிட்டு ஓடினாள். நான் தனியாக மிஸஸ் விட்டேக்கரை இடுப்போடு கட்டிக்கொண்டு நின்றேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நடைபாதையில் ஏகாம்பரம் மண்வெட்டியைப் பனியில் குத்தி நிறுத்தி, காற்றுக்கு முதுகைக் காட்டி, ஒரு சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"எங்கே ஓடினாள்?" என்றாள் கிழவி.

"புருஷனைப் பார்க்க," என்றேன்.

அவள் கையிலிருந்த துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் சந்தன மஞ்சள். அவற்றைச் சுற்றித் தேன் நிறத்தில் ஒரு கறை. துணியை மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு நிமிர்ந்து படத்தைப் பார்த்தாள். பொட்டு இருந்த இடத்தில், பொட்டு அளவுக்கு, அந்தப் பெண்ணின் நெற்றி ரோஜா நிறத்தில் உயிரோடு இருந்தது. சுற்றிலும் பழைய பழுப்பு.

"கண்ணில்தான் கோளாறு என்று இருந்தேன்," என்றாள் மெதுவாக. "இது ஆர்தரின் பைப் புகை. தினம் சாயங்காலம் இங்கேதான் உட்கார்ந்து பிடிப்பான். படத்துக்கு ஆகாது, வெளியே போய்ப் பிடி என்று எவ்வளவு சண்டை போட்டிருக்கிறேன்." துணியை மறுபடி முகர்ந்தாள். "வாசனைகூடப் போகவில்லை. பாரேன்."

என்னிடம் நீட்டினாள். எனக்குச் சந்தன வாசனைதான் வந்தது. ஆமாம், புகையிலைதான் என்று சொன்னேன். அவளை மெதுவாக இறக்கி நாற்காலியில் உட்காரவைத்தேன். எடுக்க ஒன்றுமில்லை என்று சொன்னவள், துணியை எடுக்கப் போன என் கையைத் தட்டிவிட்டாள். அதை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வெளியே நாயகி வெறுங்காலோடு பனியில் நின்று, ஏகாம்பரத்தின் கோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் வாயிலிருந்து சிகரெட் விழுந்துவிட்டது.

"என்னப்பா, சப்பாத்தும் போடாமல்? எழும்பச் சொல்லிப் போட்டாவோ? சொல்லுமன்!" என்று அவர் கேட்பது திறந்த கதவு வழியாகக் கேட்டது.

"ஏன் நிப்பாட்டினீங்கள்? ஏன் அள்ளுறதை நிப்பாட்டினீங்கள்?" என்று அவள் அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு அவரைக் கோட்டோடு இழுத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

பனி ஒட்டிய பாதங்களோடு இருவரும் அறை வாசலில் நின்றார்கள். மீதியையும் வேண்டுமானால் பதமாகத் துடைத்துத் தருவதாக ஏகாம்பரம் இங்கிலீஷில் ஆரம்பித்தார். பாவம், என்ன நடந்தது என்றே தெரியாமல் மன்னிப்புக் கேட்க வந்த மனிதர்.

"யாரும் தொடவேண்டாம். மீதி அப்படியே இருக்கட்டும்," என்றாள் மிஸஸ் விட்டேக்கர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். "கதவைச் சாத்துங்கள், வீடு ஆறிப்போகிறது. மேலே குழந்தை தூங்குகிறதல்லவா?"

ஏகாம்பரம் போய்க் கதவைச் சாத்தினார். நாயகி அவர் திரும்பி வரும்வரைக்கும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் மெல்ல, பயந்து பயந்து, படத்தை நிமிர்ந்து பார்த்தாள். பழுப்பு முகத்தின் நடுவே அந்த வெளிச்ச வட்டம், அவள் விரல் வைத்த அதே இடத்தில், அதே அளவில் இருந்தது.

"சியாமளாக்கா," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை இன்னும் சில்லென்றுதான் இருந்தது. "பாருங்கோ. அழியேல்லை."